விழுந்த மரம் எந்தப் பக்கம் தலை வைத்திருக்கிறது?

போன வைகாசியில் ஒரு சாயங்காலம், பண்ருட்டிக்கு மேற்கே எங்கள் ஊர்ப் பக்கம் கால் மணி நேரம் காற்றடித்தது. மழை பெரிதாக இல்லை. ஆனால் மாமாவின் அரை ஏக்கர் வாழை அப்படியே படுத்துவிட்டது. கொஞ்சம் தள்ளி ஒரு கொல்லையில் நாலு முந்திரி மரம் வேரோடு வந்துவிட்டது. ஒரு மாட்டுக் கொட்டகையின் தகர ஷீட் ரோட்டைத் தாண்டிப் போய்க் கரும்புக்குள் கிடந்தது. மறுநாள் டீக்கடையில் ஒரே பேச்சு: "சூறாவளி பூந்துட்டுது." ஒரு பையன் போனை நீட்டினான். அமெரிக்காவில் எங்கோ எடுத்த வீடியோ. மேகத்திலிருந்து யானைத் தும்பிக்கை மாதிரி இறங்கிய கறுப்புத் தூண் ஒன்று வயலுக்குக் குறுக்கே நடந்து போகிறது. வழியில் இருந்த வீடு தூசியாகிறது.

"இதான் நம்ம ஊருக்கும் வந்திருக்கு" என்றான். யாரும் மறுத்துப் பேசவில்லை.

எனக்குச் சந்தேகமாக இருந்தது. காற்றை நாங்கள் யாரும் பார்க்கவில்லை, எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தோம். ஆனால் விழுந்த மரங்கள் வெளியே இருந்தன. அவை எந்தப் பக்கம் தலை வைத்துக் கிடக்கின்றன என்று நடந்து பார்த்தால், வந்தது எந்த வகைக் காற்று என்பதைப் பெரும்பாலும் சொல்லிவிடலாம். சேதம் பார்க்கப் போகும் வானிலை ஆய்வாளர்களும் இதைத்தான் செய்கிறார்கள். அவர்கள் சில சமயம் விமானத்தில் போவார்கள், நமக்கு டிவிஎஸ் ஃபிஃப்டி போதும்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். கடலில் உருவாகி வரும் புயலையும் சூறாவளி என்கிறோம். அந்த வீடியோவில் வந்த தூணையும் சூறாவளி என்கிறோம். கோடை இடிமழைக்கு முன்னால் வாழையைச் சாய்க்கும் காற்றும் பல நேரம் சூறாவளிதான். பத்திரிகைகள் அதை மட்டும் சில சமயம் சூறைக்காற்று என்று பிரித்து எழுதும். காய்ந்த களத்தில் சருகையும் மண்ணையும் சுருட்டிக்கொண்டு எழுகிற பேய்க்காற்று இந்த மூன்றிலும் சேராது. அது மேகமே இல்லாத வெயிலில், தரைச் சூட்டில் கிளம்புவது. கொடியில் காயும் துணியைக் கலைத்துவிட்டுப் போய்விடும்.

இங்கே கடலிலிருந்து வருவதைப் புயல் என்றும், தூணை டொர்னாடோ என்றும் சொல்கிறேன். மூன்றாவதற்கு ஆங்கிலத்தில் டவுன்பர்ஸ்ட் என்று பெயர். நான் அதைக் கொட்டுக்காற்று என்று அழைத்துக்கொள்கிறேன். காரணம் போகப் போகத் தெரியும்.

மூன்றுக்கும் அளவிலேயே பெரிய வித்தியாசம். புயல் பல நூறு கிலோமீட்டர் அகலத்துக்குப் பரந்து நாட்கணக்கில் உயிரோடு இருக்கும். டொர்னாடோ பெரும்பாலும் சில நூறு மீட்டர் அகலத்துக்குள் அடங்கிவிடும், ஆயுளும் பத்து நிமிடத்தைத் தாண்டுவது குறைவு. விதிவிலக்கு உண்டு. 1925 மார்ச் 18 அன்று அமெரிக்காவின் மிசோரி, இல்லினாய், இந்தியானா என்று மூன்று மாநிலங்களை அறுத்துக்கொண்டு போன டொர்னாடோவின் பாதை சுமார் 350 கிலோமீட்டர். அதில் 695 பேர் இறந்தார்கள். கொட்டுக்காற்று இந்த இரண்டுக்கும் நடுவில், சில கிலோமீட்டர் வட்டத்துக்குள் சில நிமிடம் அடித்துவிட்டு ஓயும்.

தானே போன வழி

கடலூர்க்காரர்களிடம் புயல் என்றால் முதலில் தானே புயல்தான் நினைவுக்கு வரும். 2011 டிசம்பர் 30 காலை ஆறரை மணிக்கும் ஏழரை மணிக்கும் இடையில் அது கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தது. காற்றின் வேகம் மணிக்கு 120 முதல் 140 கிலோமீட்டர். 40 பேருக்கு மேல் இறந்தார்கள். பெயர் வைத்தது மியான்மர். தமிழில் அந்தப் பெயரை உச்சரித்ததும் 'தானே வந்து தானே போனது' என்று ஆளாளுக்குச் சிலேடை பேசினார்கள். முந்திரியும் பலாவும் போனவர்களுக்கு அதில் சிரிக்க ஒன்றுமில்லை.

வங்கக் கடலில் வரும் புயல் மேலிருந்து பார்த்தால் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழலும். பூமியின் வடபாதியில் எல்லாப் புயலும் அப்படித்தான். இப்போது அது கிழக்கிலிருந்து மேற்கே நம்மை நோக்கி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். புயலின் முன்பக்கத்தில் இருக்கிற ஊருக்கு வடக்கிலிருந்து காற்று வரும், அதாவது வாடை. புயலுக்கு வடக்கே இருக்கும் ஊரில் அது போகப் போகத் திசை மாறிக் கிழக்கிலிருந்து வீசும் கொண்டலாகும். கடலிலிருந்து நேராக வருவதால் இதில்தான் ஈரமும் வேகமும் அதிகம். தெற்கே இருக்கும் ஊரில் காற்று திசை மாறி மேற்கிலிருந்து, அதாவது நிலத்திலிருந்து கடல் பக்கம் அடிக்கும். நடுவில், கண் கடந்து போகும் ஊரில் நடப்பதுதான் விசித்திரம். வாடை உச்சத்தில் அடித்துக்கொண்டே இருந்து திடீரென்று நின்றுவிடும். வானம்கூடக் கொஞ்சம் வெளுக்கும். முடிந்தது என்று வெளியே வந்தவர்களைக் கொஞ்ச நேரத்தில் தெற்கிலிருந்து வேறொரு காற்று அறையும். தென்றல் வரும் அதே திசைதான், ஆனால் அதைத் தென்றல் என்று சொல்ல யாருக்கும் வாய் வராது.

ஆகவே கண் போன வழியில் மரங்கள் இரண்டு திசையில் கிடக்கும். முதல் காற்றில் விழுந்தவை தெற்கே தலை வைத்திருக்கும். அதைத் தாங்கி நின்று இரண்டாவதில் விழுந்தவை வடக்கே தலை வைத்திருக்கும். வழியிலிருந்து தள்ளி இருக்கும் ஊர்களில் ஊரே ஒரே பக்கமாகப் படுத்த மாதிரி இருக்கும். தானே அடித்தபோது எங்கள் தாத்தா காலத்து முந்திரிக் கொல்லையில் பெரும்பாலானவை தெற்கே சாய்ந்து கிடந்தன. பக்கத்து ஊர், அதற்கு அடுத்த ஊர் என்று கிலோமீட்டர் கணக்கில் போனாலும் திசை மெதுவாகத்தான் மாறியது. சேதம் இவ்வளவு பரந்த பரப்பில், திசை இவ்வளவு நிதானமாக மாறினால் அது புயலின் கைவேலை.

ஒரு பம்பரம் சுற்றிக்கொண்டே தரையில் நகர்வதை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் ஒரு பக்கத்தில் சுழற்சியும் நகர்வும் ஒரே திசையில் சேரும், மறு பக்கத்தில் ஒன்றையொன்று கழிக்கும். வங்கக் கடல் புயல் மேற்கே வந்தால் சேருகிற பக்கம் வடக்கு. தானே கரையேறியபோது புதுச்சேரி அந்தப் பக்கத்தில் இருந்தது. துறைமுகத்தில் ஏற்றும் எச்சரிக்கைக் கூண்டிலும் இந்தக் கணக்கு இருக்கிறது. எட்டைவிட ஒன்பது மோசம், ஒன்பதைவிடப் பத்து மோசம் என்று தொலைக்காட்சி பார்த்துப் பலரும் நினைக்கிறோம். மூன்றும் ஒரே அளவு ஆபத்தைச் சொல்பவைதான். புயல் துறைமுகத்துக்கு எந்தப் பக்கமாகக் கடக்கும், அல்லது நேராகத் தலைக்கு மேலேயே வருமா என்பதில்தான் எண் மாறுகிறது. பத்து என்றால் துறைமுகத்தின் மேலோ மிக அருகிலோ என்று பொருள்.

எல்லாப் புயலும் மரத்தில் எழுதிவிட்டுப் போவதில்லை. 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையேறிய ஃபெஞ்சல் காற்றில் தானேயின் பக்கத்தில்கூட வராது. அது புதுச்சேரியில் ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழையைக் கொட்டியது. அதன் சேதத்தை அளக்கச் சாய்ந்த மரத்தைப் பார்த்துப் பயனில்லை, சுவரில் தண்ணீர் நின்ற கறையைத்தான் பார்க்க வேண்டும்.

டொர்னாடோ விட்டுப் போகும் கோடு

டொர்னாடோ வேறு மாதிரி. உயரமான ஒரு இடிமேகத்தின் உள்ளே மேலெழும் காற்று, மொத்தமாகவே சுழன்றுகொண்டு எழும். அது சுழல ஒரு காரணம் வேண்டும். தரையில் காற்று ஒரு திசையில் மெதுவாகவும், சில கிலோமீட்டர் உயரத்தில் வேறு திசையில் வேகமாகவும் அடித்தால், நடுவில் உள்ள காற்று பாயைச் சுருட்டுவது போலப் படுக்கைவாக்கில் உருளும். மேகம் அந்தச் சுருளை உறிஞ்சி நிமிர்த்தி நிறுத்துகிறது. நின்ற சுருள் ஒடுங்க ஒடுங்க வேகம் கூடும். எல்லா இடிமேகத்திலும் இது நடக்காது. இப்படிச் சுழலும் மேகங்களிலும் பெரும்பாலானவை டொர்னாடோவை இறக்காமலே கலைந்துவிடும்.

தூண் காற்றை உள்பக்கம் இழுப்பதால் மரங்களும் பாதையின் நடுக்கோட்டை நோக்கிச் சாயும். பாதையின் இரண்டு ஓரத்திலும் நின்று பார்த்தால் தலைகள் ஒன்றையொன்று பார்த்த மாதிரி இருக்கும். நகர்வும் சுழற்சியும் சேருகிற பக்கத்தில் அதிகமான மரங்கள் தூண் போன திசையிலேயே விழும். மறு பக்கத்தில் குறைவாகவும், சில சமயம் பின்னோக்கியும் விழும். சேதத்துக்கு விளிம்பு உண்டு என்பதுதான் அதன் பெரிய அடையாளம். வயல்வெளியில் கத்தியால் கீறிய மாதிரி ஒரு கோடு, அதற்கு வெளியே பயிர் நிமிர்ந்து நிற்கும். சில பாதைகள் செயற்கைக்கோள் படத்தில் மண்நிறத் தழும்பாகவே தெரியும்.

வலுவான டொர்னாடோவுக்குள் இன்னும் சின்னச் சின்னச் சுழல்கள் சுற்றி ஓடுவதுண்டு. பக்கத்துப் பக்கத்து வீடுகளில் ஒன்று தரைமட்டம், ஒன்றில் ஓடுகூட நகரவில்லை என்பதற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். இதைக் கண்டுபிடித்தது மக்காச்சோளக் காட்டில். அறுவடை முடிந்த வயல்களில் சுருள் சுருளாகக் கோடுகள் தெரிந்தன. கனமான எதையோ காற்று இழுத்துப் போட்டுக் கீறிய தடம் என்று பலர் நினைத்தார்கள். கிட்டே போய்ப் பார்த்தால் அவை கீறலே இல்லை. சின்னச் சுழல் ஒவ்வொன்றும் மக்காச்சோளத் தட்டைகளைக் கூட்டிச் சில சென்டிமீட்டர் உயரத்துக்குக் குவித்துவிட்டுப் போன வரிசைகள். களத்தில் துடைப்பத்தால் கூட்டிய மாதிரி.

அப்படிக் கிட்டே போய்ப் பார்த்தவர் தெட்சுயா ஃபுஜிதா என்ற ஜப்பானியர். டொர்னாடோ வேகத்துக்கு இன்றும் பயன்படும் அளவுகோலை 1971இல் முதலில் வகுத்தவர் இவர்தான். இவர் கதையைச் சொல்லாமல் என்னால் இந்த விஷயத்தைத் தாண்டிப் போக முடியவில்லை. 1945இல் இவர் கொக்குரா நகரப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் ஆசிரியராக இருந்தார். இரண்டாவது அணுகுண்டு முதலில் கொக்குரா மீதுதான் விழ வேண்டியது. அன்று வானம் தெளிவாக இல்லாததால் விமானம் நாகசாகிக்குப் போய்விட்டது. சில வாரங்கள் கழித்து நாகசாகியையும் ஹிரோஷிமாவையும் ஆராயப் போன இளம் ஃபுஜிதா, குண்டு வெடித்த இடத்துக்கு நேர் கீழே மரங்கள் கருகி நின்றதையும், சுற்றிலும் எல்லாத் திசையிலும் வெளிநோக்கிச் சாய்ந்து கிடந்ததையும் பார்த்தார்.

1974 ஏப்ரல் 3, 4 தேதிகளில் அமெரிக்காவில் 148 டொர்னாடோக்கள் வரிசையாக வந்தன. சேதத்தை ஃபுஜிதா விமானத்திலிருந்து பார்வையிட்டார். பல இடங்களில் உள்நோக்கிச் சாய்ந்த மரங்கள். ஆனால் மேற்கு வர்ஜீனியாக் காட்டில் ஓரிடத்தில் மரங்கள் நட்சத்திரம் மாதிரி வெளிநோக்கி விரிந்து கிடந்தன. முப்பது வருடத்துக்கு முன் பார்த்த அதே கோலம். மேகத்திலிருந்து காற்று நேராகக் கீழே விழுந்து தரையில் சிதறினால்தான் இப்படி ஆகும் என்று அவருக்குத் தோன்றியது. மறு வருடம் நியூயார்க்கில் தரையிறங்க வந்த ஒரு விமானம் இடிமழைக்குள் விழுந்து நொறுங்கியபோது, காரணம் இதே காற்றுதான் என்றார். துறையில் பலர் நம்பவில்லை. பிறகு ரேடார் வைத்துப் பார்த்து ஒப்புக்கொண்டார்கள். இன்று விமான நிலையங்களில் இந்தக் காற்றைக் கவனிக்கத் தனிக் கருவிகளே இருக்கின்றன. டவுன்பர்ஸ்ட் என்று பெயர் வைத்தவரும் அவர்தான்.

கொட்டுக்காற்று என்று நான் சொல்வதன் காரணமும் இதுதான். வாசல் தெளிக்கும்போது ஒரு வாளித் தண்ணீரை அப்படியே சிமெண்ட் தரையில் கவிழ்த்துப் பாருங்கள். விழுந்த இடத்திலிருந்து நாலாபக்கமும் ஓடும். கோடை இடிமேகத்துக்குள் மழைத்துளிகள் ஆவியாகும்போது சுற்றியுள்ள காற்று குளிர்ந்து கனமாகிறது. கனத்த காற்று கீழே விழுந்து, தரையில் மோதி விரிகிறது. புழுக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது திடீரென்று மண்வாசனையோடு ஒரு குளிர்க்காற்று வந்து கதவை அறையுமே, அதன் முரட்டு அண்ணன் இது.

எந்தச் சாட்சியை நம்புவது?

காற்றின் வேகத்தை யாரும் அந்த இடத்தில் நின்று அளப்பதில்லை. சேதத்தைப் பார்த்துப் பின்னோக்கிக் கணக்கிடுகிறார்கள். ஃபுஜிதாவின் அளவுகோலைத் திருத்தி 2007 முதல் அமெரிக்காவில் பயன்படுத்துகிறார்கள். மணிக்கு 105 கிலோமீட்டரில் தொடங்கும் பூஜ்யத்திலிருந்து 322ஐத் தாண்டும் ஐந்து வரை ஆறு படிகள். வீடு, பள்ளிக்கூடம், கம்பம், மரம் என்று 28 வகைப் பொருள்களில் எது எவ்வளவு உடைந்தது என்று பார்த்துப் படியை முடிவு செய்வார்கள். கிராமப்புறத்தில் இங்கேதான் சிக்கல். வெட்டவெளியில் உடைவதற்கு ஒன்றுமில்லை என்றால் காற்றுக்குச் சாட்சியும் இல்லை. 2013 மே 31 அன்று ஓக்லஹோமாவில் எல் ரெனோ ஊர்ப் பக்கம் வந்த டொர்னாடோ நாலு கிலோமீட்டருக்கு மேல் அகலம். வண்டியில் கொண்டுபோன ரேடார் மணிக்கு 450 கிலோமீட்டருக்கு மேல் வேகம் காட்டியது. ஆனால் பெரும்பாலும் வயல்வெளியில் போனதால், சேதக் கணக்கில் மூன்றாம் படிக்கு மேல் அதற்குக் கிடைக்கவில்லை.

நம் பக்கத்துச் சாட்சிகளிலும் தராதரம் பார்க்க வேண்டும். முருங்கையை நம்பாதீர்கள், அது காக்கை உட்கார்ந்தாலே ஒடியும். பனை அசைந்து கொடுத்து நின்றுவிடும், அதனிடம் கேட்டு ஒன்றும் தெரியாது. வாழை நல்ல சாட்சி. ஆனால் குலை தள்ளிய மரம் குலையின் பக்கமே சாயப் பார்க்கும், அதனால் குலை தள்ளாததைப் பாருங்கள். வரிசையாக நட்ட சவுக்கும், தோகை உயர்ந்த கரும்பும் மிக நல்லவை. தலை வாரிய மாதிரி திசையைக் காட்டும். முந்திரியைப் பொறுத்தவரை மண்ணையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நனைந்த செம்மண்ணில் நடுத்தரக் காற்றுக்கே வேரோடு வந்துவிடும். அது திசையைச் சரியாகச் சொல்லும், வேகத்தைக் கூட்டிச் சொல்லும்.

நம் ஊருக்கு டொர்னாடோ வரவே வராதா என்றால், அப்படி அடித்துச் சொல்ல மாட்டேன். இந்தியாவில் வந்திருக்கிறது. 1978 மார்ச் 17 அன்று டெல்லியின் வடபகுதியில் சில நிமிடம் ஓடிய ஒன்றில் 28 பேர் இறந்தார்கள். உலகிலேயே அதிகம் பேரைக் கொன்றதாகச் சொல்லப்படும் டொர்னாடோ நம் வங்கக் கடலின் மறு முனையில், வங்கதேசத்தின் மாணிக்கஞ்ச் பகுதியில் 1989 ஏப்ரல் 26 அன்று வந்தது. 1,300 பேர் வரை இறந்தார்கள். அங்கே கோடையில் கடலின் ஈரக்காற்று கீழே இருக்க, மேலே வடமேற்கிலிருந்து வறண்ட காற்று வேகமாக வந்து ஏறிக்கொள்ளும். பாய் சுருட்டத் தேவையான எல்லாம் அங்கே கைவசம் இருக்கிறது. கடலூரிலும் சித்திரை வைகாசியில் சூடும் ஈரமும் வேண்டிய மட்டும் உண்டு. உயரத்துக்கு உயரம் காற்று அப்படி வலுவாக மாறுவது மட்டும் இங்கே அரிது. ஆகவே நம் கோடை மேகங்கள் பெரும்பாலும் கொட்டிவிட்டுப் போகின்றன.

சரி, மாமாவின் வாழைக்கு வருவோம். அவருடையது முழுக்கத் தென்கிழக்கே சாய்ந்திருந்தது. அரை ஏக்கரை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது என்பதால் வண்டியை எடுத்தேன். வடக்கே அரை கிலோமீட்டர் தள்ளி அந்த நாலு முந்திரியும் வடகிழக்கே தலை வைத்துக் கிடந்தன. ஏரிக்கு அந்தப் பக்கம் கரும்பு மேற்கே படுத்திருந்தது. எதுவும் எதையும் பார்த்துச் சாயவில்லை, எல்லாமே எதையோ விட்டு விலகின மாதிரி இருந்தன. ஒவ்வொரு திசையையும் மனதில் பின்னோக்கி இழுத்துப் பார்த்தால் எல்லாக் கோடும் ஏரிக்கரைப் பக்கம் வந்து சேர்ந்தன. அங்கே இருந்த புளியமரம் விழவில்லை. அடியில் மட்டும் இலையும் பிஞ்சும் பாய் விரித்த மாதிரி கொட்டிக் கிடந்தன.

மாமாவிடம் போய்ச் சொன்னேன். தூணெல்லாம் வரவில்லை, ஏரிக்கரை மேல் காற்று கொட்டியிருக்கிறது, நம் வாழை அதன் ஓரத்தில் மாட்டிக்கொண்டது என்று. அவர் குலைகளை எண்ணிக்கொண்டே கேட்டார்.

"எழுதிக் கொடுக்குற மனுவுல என்னான்னு போடுறது மாப்ள, சூறாவளின்னா கொட்டுக்காத்துன்னா?"

"சூறைக்காத்துன்னே போடுங்க மாமா. நூத்தி எண்பது மரம்னு மட்டும் மறக்காம போடுங்க."